தடித்த கித்தான் வாங்கினால் மட்டும் கூரை ஒழுகாமல் இருக்குமா?

ஜூன் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

என் ஜீப்புக்குக் கித்தான் கூரையை நானே தைக்கப்போகிறேன். பழைய கூரை பல இடங்களில் தையல் விட்டுப்போய், மழை வந்தால் ஓட்டுபவர் மடியிலேயே கொட்டுகிறது. என் கணக்கு எளிது: கிடைப்பதிலேயே தடித்த துணியாக வாங்கினால் தண்ணீர் உள்ளே வராது. வீட்டில் சாதாரணத் தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். தவறாக நினைக்கிறேனா?

ஜூன் 3, இரவு

ஆம், தவறுதான். கித்தான் கூரையில் துணி வழியாக மழை இறங்குவதை நான் பார்த்ததே இல்லை. இறங்குவதெல்லாம் தையல் வழியாக, ஊசி போட்ட துளை வழியாக. ஒரு கூரைக்கு 30 மீட்டர் தையல் என்று வையுங்கள். தையல் நீளம், அதாவது ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளி, 4 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 250 துளை, மொத்தம் 7,500 துளை. துணியை எவ்வளவு தடிமனாக வாங்கினாலும் இதில் ஒன்றுகூடக் குறையாது. தடித்த துணிக்குத் தடித்த ஊசி வேண்டும், ஆகவே ஒவ்வொரு துளையும் இன்னும் பெரிதாகும்.

துணி வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு தாளில் கூரையை வரைந்து, தையல் வரும் இடங்களில் எல்லாம் கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோடுகளில் எவற்றை அழிக்க முடியும் என்று பாருங்கள். மேல்தளத்தில் ஒரு கோடும் இல்லாமல் செய்ய முடிந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. துணியின் தடிமனைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

ஜூன் 4

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று கூரைகள் தைத்திருக்கிறேன். முதல் கூரை கற்றுக்கொடுத்தது இது.

அந்தத் துணியின் அகலம் 90 சென்டிமீட்டர், வண்டிக் கூரையின் அகலம் 140. ஆகவே இரண்டு துணிகளை நடுவில் சேர்த்தேன். ஓரங்களைச் சேர்த்து வைத்து ஒரே ஒரு தையல், பிறகு பிரித்து நகத்தால் அழுத்திவிட்டேன். சட்டைக்கு அது போதும். முதல் மழை இரவில் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து டார்ச் விளக்கைத் தையலின்மேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி முழுவதும் நனைந்து கறுத்திருந்தது, ஆனால் சொட்டவில்லை. தையல் கோட்டில் மட்டும் துளைக்கு ஒரு நீர்மணி முளைத்தது. கடுகளவு ஆகும்வரை அசையாமல் நின்றது. பிறகு பக்கத்து மணியோடு சேர்ந்துகொண்டு, நூலைப் பிடித்தபடியே சரிவில் நகர்ந்து, கூரையைத் தாங்கும் குழாயைத் தொட்ட இடத்தில் சொட்டியது. துளை ஓரிடம், சொட்டு விழுந்தது இரண்டு சாண் தள்ளி. சொட்டிய இடத்தை மட்டும் அடைத்திருந்தால் அடுத்த மழையிலும் அதே கதைதான்.

இரண்டாவது கூரையில் நடுத்தையலே இல்லை. முழு அகலத் துணி ஒன்றை மேல்தளத்துக்குப் போட்டு, பக்கத் துணிகளைத் தோள்பட்டையில், அதாவது கூரை வளைந்து கீழே இறங்கும் இடத்தில் சேர்த்தேன். அங்கே தண்ணீர் நிற்க நேரமே இல்லை. சேர்த்த விதமும் மாறியது: ஒரு துணியின் ஓரத்தை மற்றதன் ஓரத்தின்மேல் மடித்து, மடிப்புக்குள் வெட்டு விளிம்பு இரண்டும் ஒளிந்துகொள்ளும்படி செய்து, மேலே இரண்டு வரிசை தையல். ஜீன்ஸ் காலின் உட்பக்கத் தையலைப் பார்த்தால் புரியும். மடிப்பின் வாய், அதாவது மேலே படியும் துணி முடியும் விளிம்பு, எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஓடு வேய்வதும் அப்படித்தானே, மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிறது.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

நூலைச் சொல்ல மறந்துவிட்டேன். பருத்திக் கித்தானுக்கு, உள்ளே பாலியஸ்டர் இழையும் வெளியே பருத்தியும் சுற்றிய நூல் நல்லது. பாலியஸ்டர் பலம் தருகிறது. பருத்தி நனைந்ததும் பருத்துத் துளையை அடைக்கிறது. என் முதல் கூரையில் போட்டது வழவழப்பான முழு பாலியஸ்டர் நூல். அது எவ்வளவு நனைந்தாலும் பருக்காது.

நைலான் நூல் வேண்டாம். இழுத்தால் அறுவதில்லை என்று நம்பி வாங்குகிறார்கள். வெயில் அதைத் தின்றுவிடும்.

ஜூன் 6

இப்போது துணி. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் குணம் வேறு.

பருத்திக் கித்தான், சதுர மீட்டருக்கு 340 முதல் 410 கிராம் வரை. நனையும்போது இழை ஒவ்வொன்றும் குறுக்கே பருத்து, நெசவின் இடைவெளியை மூடிக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் ஆவி வெளியே போகும். மூச்சு முட்டாது. ஓடும்போது சத்தம் குறைவு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு அந்தக் கறுப்புப் புள்ளிகள் போகவே போகாது.

சாயம் கலந்த பிறகே இழையாக இழுக்கப்படும் அக்ரிலிக் துணி, சுமார் 310 கிராம். படகுகளில் நிறையப் பயன்படுகிறது. நிறம் இழையின் உள்ளேயே இருப்பதால் வெயிலில் எளிதில் வெளுக்காது, பூஞ்சைக்கும் அது தீனி இல்லை. ஆனால் உராய்வு தாங்காது. குழாய் படும் இடமெல்லாம் இன்னொரு துணி வைத்துத் தைத்தே ஆக வேண்டும்.

பிவிசி பூசிய பாலியஸ்டர், 500 கிராமும் அதற்கு மேலும். லாரிப் படுதா என்றால் எல்லோருக்கும் தெரியும். துணி வழியாக ஒரு சொட்டும் வராது. ஆனால் உள்ளே நான்கு பேர் விடும் மூச்சும் ஈர மிதியடியின் ஆவியும் கூரையின் அடிப்பக்கம் படிந்து சொட்டும். ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பசை பூசிக்கொண்டே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொரு சிக்கல், ஊசித் துளை துளையாகவே நின்றுவிடும். பருத்தியைப் போல் தானே மூடிக்கொள்ளாது. வெப்பக் காற்றால் ஒட்டவைக்கும் கருவி இருந்தால் தைக்காமலே சேர்க்கலாம், அப்போது அதற்கு இணையே இல்லை.

என் விருப்பம் பருத்தி. தைக்கும்போது கைக்குள் அடங்குகிறது, தவறினால் பிரித்துத் தைக்கலாம், பழைய துளையும் காலப்போக்கில் மூடிக்கொள்கிறது. பிவிசியில் ஒருமுறை விழுந்த துளை விழுந்ததுதான்.

ஜூன் 6, இரவு

திருத்தம். "துணி வழியாக மழை இறங்குவதைப் பார்த்ததே இல்லை" என்று முதல் நாள் எழுதியது மிகை. கூடாரத்தில் படுத்துப் பழகிய ஒருவர் நினைவுபடுத்தினார்: நனைந்த பருத்தித் துணியை உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் நீர் இறங்கத் தொடங்கும். உண்மை. பூச்சு இல்லாத துணியில், இழைகளுக்கு இடையே நீரைப் பிடித்து வைத்திருப்பது நீரின் பரப்பு இழுவிசை. தொட்டதும் அது உடைந்துவிடுகிறது. பின் இருக்கையில் உயரமானவர் தலை உரசினாலும் இதே விளைவு. ஆகவே கூரை எதன்மேலும் உரசாத உயரத்தில் விறைப்பாக நிற்க வேண்டும்.

சோப்புத்தூளும் அப்படித்தான். சோப்பு மிச்சம் துணியில் தங்கினால் நீரை உள்ளே அழைத்து வரும். கூரையை வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுங்கள்.

ஜூன் 7

அளவு எடுப்பது. டேப்பால் நீள அகலம் அளந்து தாளில் வரைந்து வெட்டிவிடாதீர்கள். வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பழைய வண்டியில் ஒரு விரற்கடை வித்தியாசம் சாதாரணம்.

நான் செய்வது: கூரைச் சட்டத்தின்மேல் இருபக்க ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் நல்ல தடிப்பான பாலித்தீன் தாளைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுவேன். பிறகு அழியாத மையால் விளிம்புகள், குழாய்கள் போகும் இடம், ஜன்னல், பித்தான் வரும் இடம் எல்லாவற்றையும் அதன்மேலேயே வரைவேன். பக்கத் தாளும் மேல் தாளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் இரண்டு தாளையும் கடந்து போகும் சிறு குறுக்குக் கோடு. துணியில் தைக்கும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பின் மூலையின் வளைவில் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று. தாளை எடுத்தபிறகு எது இடம், எது வலம், எது முன், எது வெளிப்பக்கம் என்று எழுதிவிடுங்கள். எழுதாத தாளைத் தரையில் விரித்தால் இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும்.

தையலுக்கு விடும் ஓரம் பிறகு சேர்ப்பது. மடிப்புத் தையலுக்கு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 25 மில்லிமீட்டர்.

பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், முன்னிருந்து பின்னாகப் போகும்படி துணியை வையுங்கள். கித்தானில் பாவைவிடக் குறுக்கே ஓடும் ஊடைதான் அதிகம் நீளும். கூரையை நாம் கடுமையாக இழுப்பது முன்பின் வாக்கில், அந்த வாக்கில் நீளாத நூல் இருக்க வேண்டும்.

ஜூன் 7, பிற்பகல்

"சுருங்குமா?" சுருங்கும். நூல் நனைந்து பருக்கும்போது அதைச் சுற்றி வளைந்து போகும் குறுக்கு நூலுக்கு அதிக நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைத் துணியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பூச்சு இல்லாத துணியில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டி நனைத்து உலர்த்திப் பார்த்தேன், பாவு வாக்கில் 5 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இரண்டு மீட்டர் நீளக் கூரைக்கு அது 10 சென்டிமீட்டர். பித்தான்கள் எட்டவே எட்டாது. நீங்கள் வாங்கும் துணியிலும் முதலில் ஒரு சதுரம் வெட்டிச் சோதியுங்கள். அதிகம் சுருங்கினால் முழுத் துணியையும் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள்.

ஜூன் 10

வீட்டு இயந்திரம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் அம்மா ஐம்பது வருடம் சட்டையும் பாவாடையும் தைத்த இயந்திரத்தில்தான் முதல் இரண்டு கூரைகளையும் தைத்தேன். போதும், அதன் பலத்தைத் தெரிந்துகொண்டு தைத்தால்.

நூல் டெக்ஸ் 70, ஊசி 16ஆம் எண். இயந்திரம் தாங்கினால் டெக்ஸ் 90, ஊசி 18. டெக்ஸ் என்பது ஆயிரம் மீட்டர் நூலின் கிராம் எடை, அவ்வளவுதான். அதற்கு மேலான நூலை வீட்டு இயந்திரத்தில் போட்டால் இழுவிசை சரியாக அமையாது. மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு துணியின் நடுவில் புதைய வேண்டும். கீழ்ப்பக்கம் முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தால் மேல் நூலை இன்னும் இறுக்குங்கள். தையல் நீளம் இயந்திரம் தரும் அதிகபட்சம், 4 அல்லது 5 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று எண்ண வேண்டாம். நெருக்கமான துளைகள் தபால்தலை ஓரம் போல் ஆகி, காற்று இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும்.

துணியின் எடைதான் உண்மையான எதிரி. நான்கைந்து கிலோ கித்தான் மேசையிலிருந்து தொங்கினால் ஊசியை வளைத்துவிடும். இயந்திரத்துக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் மேசை போடுங்கள். துணியைப் பாய்போல் இருபக்கமும் சுருட்டிக்கொள்ளுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், அதுவும் துளைதான். 6 மில்லிமீட்டர் அகல இருபக்க ஒட்டுநாடாவோ துணிக்கவ்விகளோ போதும்.

இரண்டு மடிப்புத் தையல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் எட்டு அடுக்குக்கு மேலும் துணி வந்துவிடும். மோட்டாரை நம்பாமல் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி நுனி முதல் அடுக்கைத் தொடும்போது துணி சற்றுக் குழியும். மெல்ல மெல்ல அடுக்கு அடுக்காக இறங்குவது விரலுக்குத் தெரியும். நடுவில் கட்டை மாதிரி நின்றுவிட்டால் அழுத்தாதீர்கள். துணியை வெளியே எடுத்து, மரக்கட்டைமேல் வைத்து, மரச் சுத்தியால் அந்த மேட்டை நன்றாகத் தட்டி நசுக்குங்கள். எல்லா அடுக்கும் நசுங்கிப் பாதித் தடிமனுக்கு வரும், பிறகு ஊசி போகும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தையுங்கள். ஒடிந்த 18ஆம் எண் ஊசி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கூரைக்கு, துணியை மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயம் நகர்த்தும் கனரக இயந்திரத்தை இரவல் வாங்கினேன். இரண்டு மீட்டர் தைத்தும் மேல் துணியும் கீழ் துணியும் ஒரே இடத்தில் முடிந்தன. வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கு அடியிலுள்ள பல் கீழ்த்துணியை மட்டும் இழுப்பதால் மேல்துணி பின்தங்கிவிடும். அதற்காகத்தான் 15 சென்டிமீட்டர் அடையாளக் கோடுகள்.

ஜூன் 11

"இவ்வளவு தொல்லைக்குக் கூரையே இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் குடையை விரித்துப் பாருங்கள்: எட்டுத் துண்டு, எட்டுத் தையல், ஆனாலும் ஒழுகுவதில்லை. எல்லாத் தையலும் உச்சியிலிருந்து ஓரத்துக்கு, தண்ணீர் ஓடும் திசையிலேயே போகின்றன. எந்தத் தையலும் தண்ணீருக்குக் குறுக்கே படுத்திருக்கவில்லை. கூரையிலும் தவிர்க்க முடியாத தையலை இப்படித்தான் வைக்க வேண்டும். இந்த நகைச்சுவைக்கு மனமார்ந்த நன்றி, நான் எழுதத் தவறியதை அது சொல்லிவிட்டது.

ஜூன் 15

பின் ஜன்னல். ஒளிபுகும் பிவிசி தாள், 0.75 மில்லிமீட்டர் தடிமன் போதும். 0.5 அலையடிக்கும், 1 மில்லிமீட்டர் சுருட்ட வராது. முதலில் துணியில் ஓட்டை வெட்டிவிட்டுத் தாளைத் தைக்காதீர்கள், ஓட்டையின் வடிவம் கோணிவிடும். முழுத் துணியின் உட்பக்கம் தாளை வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டு, பிறகு வெளிப்பக்கத் துணியை வெட்டி, ஓரத்தை மடித்து இரண்டாவது வரிசை தையுங்கள். இயந்திரத்தின் பாதம் தாளில் ஒட்டிக்கொண்டு நகராது. மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை இடையில் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடுங்கள்.

தாளைத் துடைக்கும் முன் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு போதும், தாள் வாழ்நாள் முழுக்க மங்கிவிடும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவமும் ஆகாது. கொசுவிரட்டி பூசிய கையால் தொடாதீர்கள். அதிலிருக்கும் டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். குளிரில் தாள் விறைத்திருக்கும்போது மடித்தால் கண்ணாடி போல் விரிசல் விடும்.

ஜூன் 16

நேற்று எழுதிய ஜன்னலை இன்று என் இரண்டாவது கூரையில் போய்ப் பார்த்தேன். தாள் உட்பக்கம் இருப்பதால், ஜன்னலின் கீழ் ஓரத்தில் துணி விளிம்பு ஒரு சிறு தொட்டி போல் நிற்கிறது. அதில் மண்ணும் பாசியும். நூலும் அங்கேதான் இற்றுப்போயிருக்கிறது. மூன்றாவது கூரையில் தாளை வெளிப்பக்கம் வைத்து, துணியை உள்ளிருந்து வெட்டினேன். தாளின் மேல் ஓரத்தை மட்டும் ஒரு துணிப்பட்டையால் மூடினேன். கீழே தண்ணீர் தாளிலிருந்து துணிமேல் வழிந்து போகிறது, தேங்குவதில்லை. அப்படியே செய்யுங்கள், நேற்றையதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுருட்டிய தாள் இரும்புக் குழாயின்மேல் சாய்ந்திருந்த இடத்தில் விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு. வெயிலில் சுட்ட குழாய் தாளைச் சுட்டிருக்கிறது. இடையில் ஒரு பட்டைத் துணி சுற்றியிருந்தால் வந்திருக்காது.

ஜூன் 21

மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசலாமா என்று கேட்டவருக்கு: கூடாது, கூடாது, கூடாது. 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் காட்சி நடக்கும்போதே தீப்பிடித்தது. மழைக்காக அந்தக் கூடாரத் துணியில் பூசியிருந்தது பாரஃபின் மெழுகும் பெட்ரோலும் கலந்த கலவை. சில நிமிடங்களில் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. குறைந்தது 167 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். பழைய கைமருந்துக் குறிப்புகளில் இந்தக் கலவை இன்றும் சுற்றுகிறது. எங்கே பார்த்தாலும் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

முழுக் கூரைக்கும் மெழுகு தேவையே இல்லை. கடையில் நீர்விலக்கும் பூச்சோடு வரும் கித்தானை வாங்குங்கள். தையல் கோட்டுக்கு மட்டும் மெழுகு. பாரஃபின் தனியாகப் பூசினால் குளிரில் நொறுங்கும், தேன்மெழுகு கலந்தால் வளையும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, கட்டியாக ஆறவிட்டு, அந்தக் கட்டியைத் தையலின்மேல் அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையர் காட்டுங்கள். வெள்ளையாகப் படிந்த மெழுகு கண்ணெதிரே நிறமிழந்து நூலுக்குள் இறங்கும். அப்போது நிறுத்துங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. புதுப் பருத்திக் கூரையை வண்டியில் மாட்டி, நன்றாக நனைத்து, முழுக்க உலரவிடுங்கள். இரண்டு மூன்று முறை. துணியும் நூலும் பருத்துச் சுருங்கித் துளைகளைத் தாமே பிடித்துக்கொள்ளும். அதன்பிறகும் கசியும் தையலுக்கு மட்டும் மெழுகு.

ஜூன் 29

சட்டம். கூரையைத் தாங்கும் வளைவுக் குழாய்களை நான் வில் என்று சொல்வேன். நடு வில் மற்றவற்றைவிட 3 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். மட்டமான கூரையில் நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் என்றால் 10 லிட்டர், அதாவது 10 கிலோ. அந்த எடையில் துணி இன்னும் தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தேங்கும். வில்களுக்கு இடையே முன்பின்னாகத் தடித்த நாடா இரண்டு கட்டினால் வில் சாயாது, துணிக்கும் அடியில் ஒரு தாங்கல் கிடைக்கும்.

வேகத்தில் கூரைமேல் காற்றழுத்தம் குறைந்து துணி மேலே உப்பும். தொய்வாக இருந்தால் படபடவென்று அடித்து, தையல் ஒரே பயணத்தில் பிரிந்துவிடும்.

பின் படுதாவை மட்டும் சுருட்டி வைத்து, பக்கங்களை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். இதை வெறும் யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால் புகைக்குழாயின் புகை அங்கே சுழன்று, திறந்த பின்வாசல் வழியாக உள்ளே வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று நினைத்துப் பின் இருக்கையில் குழந்தை தூங்கிப்போகும். பின்பக்கம் திறந்தால் முன்னாலும் திறந்து வையுங்கள்.

வில்லும் கித்தானும் வண்டி புரண்டால் யாரையும் காப்பாற்றாது. அதற்கு வேறு சட்டகம் வேண்டும், இருக்கைப் பட்டையும் வேண்டும்.

ஜூலை 13

பித்தான் பற்றிப் பேச வந்து வேறெங்கோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்த வில்லிஸ் எம்பி ஜீப்புக்குக் கதவு கிடையாது. கூரை என்பது இரண்டு குழாய் வில்லும் ஒரு கித்தானும்தான். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவருக்கும் கித்தான் கூரை உண்டு. பழைய லேண்ட் ரோவர் கூரைகளில் பக்க ஓரத்தைக் கொக்கிகளில் கயிறு கோத்துக் கட்டுவார்கள். சின்ன வயதில் அதைப் பழமை என்று நினைத்தேன். பருத்தி நனைந்து இறுகும்போது கயிற்றைத் தளர்த்தலாம், உலர்ந்து தொய்யும்போது இறுக்கலாம். பிரஸ் பட்டனுக்கு அந்த இடைவெளி இல்லை. இரண்டாவது கூரையில் சுற்றிலும் பிரஸ் பட்டன் வைத்தேன். மழையில் துணி இறுகி, மூன்று பட்டன்கள் துணியையும் பிய்த்துக்கொண்டு வந்தன.

இப்போது நான் வைப்பது: பக்கங்களில் கயிறும் கொக்கியும். கதவோரத்தில், மூன்று பக்கம் பூட்டிக்கொண்டு புள்ளி வைத்த பக்கத்தைத் தூக்கினால் மட்டும் திறக்கும் பித்தான். எதை வைத்தாலும் அந்த இடத்தில் துணி இரண்டு அடுக்காவது வேண்டும். இரும்பு வேண்டாம், பித்தளை வையுங்கள். துரு கித்தானில் இறங்கினால் கறை மட்டும் மிஞ்சாது, துணியே அங்கே பொடியும்.

ஜூலை 14

முதல் நாள் 30 மீட்டர் தையல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். நேற்றிரவு மூன்றாவது கூரையை நூல் வைத்து அளந்தேன். ஓரம், ஜன்னல், வில் பட்டை, ஜிப் எல்லாம் சேர்த்து 41 மீட்டர். 10,250 துளை. ஆனால் வானத்தைப் பார்த்திருக்கும் தையல் அதில் 2 மீட்டர்கூட இல்லை.

ஆகஸ்ட் 2, கேள்வி கேட்ட வாசகர்

கூரை முடிந்துவிட்டது. இரண்டு அல்ல, ஏழு வார இறுதிகள் ஆயின. நீங்கள் சொன்னபடி மேல்தளத்தில் நெடுந்தையல் இல்லை. துணியின் நீளம் ஒரு சாண் போதாமல் போனதால் முன்பக்கம் மட்டும் குறுக்கே ஒரு பட்டை சேர்த்தேன், மடிப்பின் வாயைச் சரிவின் கீழ்ப்பக்கமே வைத்தேன். வண்டியை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை. ஆனால் மழையில் ஓட்டினால் ஓட்டுபவர் முழங்கால்மேல் சொட்டுகிறது. ஏன்?

ஆகஸ்ட் 2, இரவு

நிற்கும்போது இல்லை, ஓடும்போது மட்டும் என்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஒன்று செய்யுங்கள். உட்பக்கம் அந்தக் குறுக்குத் தையல் முழுவதும், முன் ஓரம் முழுவதும் சாக்பீஸால் தடிப்பாகக் கோடு போடுங்கள். மழையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாக்பீஸ் தூள் எங்கே கரைந்திருக்கிறது என்று பாருங்கள். சொட்டிய இடத்தைப் பார்க்காதீர்கள், கரைந்த இடம் தொடங்கும் புள்ளியைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 5

குறுக்குத் தையலின் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு சாக்பீஸ் கோடு கரைந்திருக்கிறது என்று வாசகர் எழுதியிருக்கிறார். அங்கிருந்து ஓரமாக ஓடி, வில்லில் இறங்கி, முழங்காலில் விழுந்திருக்கிறது.

தவறு அவருடையது அல்ல. என் ஜூன் 4 குறிப்பினுடையது. மடிப்பின் வாய் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். நடு வில் உயரமாக இருப்பதால் கூரையின் முன்பாதி முன்னோக்கிச் சரிகிறது. அங்கே கீழ்ப்பக்கம் பார்க்கும் வாய் காற்றையும் பார்க்கிறது. வண்டி நிற்கும்போது தண்ணீர் கீழே போகும். ஓடும்போது எதிர்காற்று அதே தண்ணீரைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து மேலே ஏற்றி, திறந்த வாய்க்குள் தள்ளிவிடும். என் கூரைகளில் முன்பாதியில் குறுக்குத் தையலே இல்லாததால் எனக்கு இது தெரியாமலே போயிற்று. ஏழு வார உழைப்புக்குப் பிறகு அவர் நனைந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அவர் பிரிக்க வேண்டியதில்லை. குறுக்குத் தையலின்மேல் நான்கு விரல் அகலத்தில் மூடுபட்டை ஒன்று. அதன் முன் ஓரத்தை மடித்து இரண்டு வரிசை தைத்து, அந்தத் தையலுக்கு மட்டும் மெழுகு நன்றாக ஏற்ற வேண்டும். பின் ஓரம் தைக்காமல் சும்மா படிந்திருக்கட்டும், காற்று அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் இரு முனைகளும் தோள்பட்டையைத் தாண்டிப் பக்கத்தில் இறங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே நுழையும் கொஞ்ச நீரும் வெளியே வழியும்.

ஆகஸ்ட் 9

மூடுபட்டை தைத்துவிட்டாராம். இரண்டு மழையில் ஓட்டியிருக்கிறார், சாக்பீஸ் கோடு போட்டபடியே இருக்கிறது.

மேலே ஜூன் 4 குறிப்பைப் படித்துவிட்டுத் துணியை வெட்டத் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால், நடு வில்லுக்கு முன்னால் வரும் குறுக்குத் தையலை இன்னும் தைக்காமல் வைத்திருங்கள். அதன் வாயைப் பின்பக்கம் திருப்பி, முன்பக்க மடிப்பில் மெழுகு ஏற்றி, என் வண்டியில் ஒரு பட்டை தைத்துப் பார்க்கிறேன். அடுத்த மழைக்குப் பிறகு எழுதுகிறேன்.